தலையெழுத்துப் பிழை: மென்பொருள் எழுதி விற்போருக்கு ஒரு திறந்த மடல்

மேக்குக்கும் விண்டோஸுக்கும் மென்பொருள் எழுதி, விற்று, மாதம் தவறாமல் அப்டேட் அனுப்பிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்களில் ஒருவருடைய மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கியவன் எழுதுகிறேன். திருட்டுப் பிரதியை வைத்துக்கொண்டு குறை சொல்ல வந்தவன் இல்லை. பில் இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன்.

சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. பகல் முழுக்க லினக்ஸோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் மேஜையில் ஒரு மேக்புக். அதை வாங்கிய அன்றே டிஸ்க்கை அழித்து, ‘கேஸ் சென்சிடிவ்’ என்ற வகையைத் தேர்ந்தெடுத்து மறுபடி ஃபார்மட் செய்தேன். கேப்பிடல் எழுத்தையும் ஸ்மால் எழுத்தையும் வேறுவேறாகப் பார்க்கும் டிஸ்க். அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னால் வாய் வலிக்கும், அதனால் இந்த மடலில் ‘பேதம் பார்க்கும் டிஸ்க்’ என்று சொல்லிவிடுகிறேன். மற்றது பேதம் பார்க்காத டிஸ்க். ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்பீர்கள். சர்வரில் இருக்கும் டிஸ்க் பேதம் பார்க்கிறது. சர்வருக்குப் போகப்போகும் நிரலை பேதம் பார்க்காத டிஸ்க்கில் வைத்து எழுதினால், வீட்டில் ஓடியது அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும். பலமுறை பட்டுத் தெளிந்த பிறகு எடுத்த முடிவு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒலிப்பதிவுகளைத் திருத்தும் மென்பொருள் ஒன்றை வாங்கினேன். மகள் பாடியதைப் பதிவு செய்து கொஞ்சம் இரைச்சலை எடுக்கலாம் என்று ஆசை. இன்ஸ்டாலர் ஓடியது, பச்சைப் பட்டை நிறைந்தது, ‘வெற்றி’ என்றது. திறந்தேன். முகப்புப் படம் வந்தது, இரண்டு விநாடி நின்றது, மறைந்தது. மறுபடி திறந்தேன். மறுபடி மறைந்தது. என்ன பிழை, எங்கே பிழை, ஒரு வார்த்தை கிடையாது.

உங்கள் உதவி மையத்துக்கு எழுதினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. மரியாதையான பதில்தான். டிஸ்க் எந்த வகை என்று கேட்டிருந்தார்கள், சொன்னேன். அடுத்த நாள் தீர்வு வந்தது: அந்த வகை டிஸ்க்குக்கு எங்கள் ஆதரவு இல்லை, பேக்கப் எடுத்துக்கொண்டு டிஸ்க்கை ஃபார்மட் செய்து மீண்டும் நிறுவவும்.

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்கிறார்கள் என்று தோன்றியது. பேதம் பார்க்கும் டிஸ்க்கைப் பார்க்காததாக மாற்ற ஆப்பிள் எந்தக் குறுக்குவழியும் வைக்கவில்லை, மொத்தமாகத் துடைத்துத்தான் ஆகவேண்டும். இருப்பதையெல்லாம் இறக்கி, அழித்து, ஏற்றி, ஒவ்வொரு மென்பொருளுக்கும் உரிமச் சாவியைத் தேடி... ஒரு முழு வாரக் கடைசி போய்விடும்.

அதனால் எலி எங்கே என்று நானே தேடினேன். மேக்கில் ‘எஃப்எஸ் யூசேஜ்’ என்று ஒரு கட்டளை உண்டு. எந்த மென்பொருள் எந்தக் கோப்பைத் தொடுகிறது என்பதை வரிவரியாகக் கொட்டும். கேட்ட கோப்பு கிடைக்காவிட்டால் அந்த வரியில் சதுர அடைப்புக்குள் 2 என்ற எண் நிற்கும். யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் வழிவந்த எல்லாவற்றிலும் (மேக், லினக்ஸ் உட்பட) அந்த 2-க்கு ஒரே பொருள்தான்: அப்படி ஒரு கோப்போ ஃபோல்டரோ இல்லை. ஒரு பக்கம் அதை ஓடவிட்டு, மறுபக்கம் உங்கள் மென்பொருளைத் திறந்தேன். ஆயிரக்கணக்கான வரிகள் ஓடின. கடைசி வரிகளுக்குச் சற்று மேலே ஏழெட்டு 2-கள் அடுக்காக நின்றன. எல்லாம் ஒரே ஃபோல்டரைத் தேடிய தேடல்கள். முன்தயாரிப்பு ஒலி அமைப்புகளை வைத்திருக்கும் ‘பிரீசெட்ஸ்’ ஃபோல்டர்.

அந்த ஃபோல்டர் இல்லாமலா போனது? இருந்தது. உங்கள் இன்ஸ்டாலர்தான் அதை உண்டாக்கி வைத்திருந்தது, கேப்பிடல் ‘பி’யில் தொடங்கும் பெயரோடு. உங்கள் நிரல் தேடியதோ ஸ்மால் ‘பி’யில். அவ்வளவுதான் வியாதி. இன்ஸ்டாலர் எழுதியவர் ஒருவர், நிரல் எழுதியவர் இன்னொருவர், இருவருடைய மேஜையிலும் பேதம் பார்க்காத டிஸ்க். அது இருவரையும் சமாதானப்படுத்தி வைத்திருந்தது. ஸ்மால் பெயரிலிருந்து கேப்பிடல் பெயருக்கு ஒரு சிம்லிங்க், அதாவது ஒரு பெயரைக் கேட்டால் இன்னொன்றுக்கு வழிகாட்டும் பலகை, போட்டேன். ஒரே வரி. மென்பொருள் திறந்தது. மகளின் பாட்டில் இருந்த மின்விசிறிச் சத்தம் போயிற்று.

ஒரு எழுத்து. அதை நீங்கள் திருத்தியிருந்தால் நான்கு விநாடி வேலை. என்னைச் செய்யச் சொன்னது இரண்டு நாள் வேலை. இந்தக் கணக்குதான் என்னை மடல் எழுத உட்கார வைத்தது.

நீங்கள் மட்டும் இல்லை. அடோபியின் கிரியேட்டிவ் க்ளவுட் தேவைப்பட்டியலில் பேதம் பார்க்கும் டிஸ்க்கில் நிறுவ முடியாது என்று அச்சிட்டே வைத்திருந்தார்கள். ஸ்டீம் விளையாட்டுக் கடையின் மேக் பதிப்பும் அப்படித்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பெரியவர்களே செய்யும்போது நமக்கென்ன என்று நீங்கள் நினைத்திருக்கலாம். ஆனால் அதே மேக்கில் ஆண்ட்ராய்டின் மூல நிரலைக் கட்ட வேண்டுமானால், பேதம் பார்க்கும் டிஸ்க் இமேஜ் (டிஸ்க் போலவே நடிக்கும் கோப்பு) ஒன்றை முதலில் உண்டாக்கிக்கொள்ளும்படி கூகுளின் வழிகாட்டி பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரே கணினியில் ஒருவர் ‘பேதம் வேண்டும்’ என்கிறார், இன்னொருவர் ‘பேதம் கூடாது’ என்கிறார். நடுவில் நான்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும், ஆனாலும் கொஞ்சம் சொல்ல ஆசை. அச்சுக்கூடத்தில் ஆங்கில எழுத்துக்களை இரண்டு பெட்டிகளில் அடுக்கி வைப்பார்களாம். பெரிய எழுத்து மேல் பெட்டியில், சிறிய எழுத்து கீழ்ப் பெட்டியில். ‘கேஸ்’ என்றால் அந்தப் பெட்டிதான். கணினிக்கு வந்தபோது பெட்டி போய் எண் வந்தது. ஆஸ்கி அட்டவணையில் கேப்பிடல் ‘ஏ’ 65, ஸ்மால் ‘ஏ’ 97. நடுவில் 32, அதாவது ஒரே ஒரு பிட். யூனிக்ஸை எழுதியவர்கள் பெயரை வெறும் பைட்டுகளாகப் பார்த்தார்கள். சாய்கோடும் பூஜ்ய பைட்டும் தவிர வேறு எதை வேண்டுமானாலும் பெயரில் வைக்கலாம், வைத்தது வைத்தபடி இருக்கும், அதே பைட்டுகளைக் கொடுத்தால்தான் கதவு திறக்கும். வேடிக்கை என்னவென்றால் அந்தக் காலத்தில் பரவலாக இருந்த டெலிடைப் மாடல் 33-இல் கேப்பிடல் மட்டும்தான் அடிக்கும். அதில் உட்கார்ந்து லாகின் பெயரை முழுக்க கேப்பிடலில் அடித்தால், ‘பாவம், இவரிடம் ஸ்மால் எழுத்து இல்லை’ என்று யூனிக்ஸே புரிந்துகொண்டு எல்லாவற்றையும் ஸ்மாலாக மாற்றிக்கொள்ளும். இல்லாதவனுக்கு இரங்கியது, ஆனால் டிஸ்க்கில் பேதத்தைக் கைவிடவில்லை.

மறுபக்கம் சிபி/எம் என்ற பழைய இயங்குதளம், அதன் வழியில் விண்டோஸுக்கு முந்தைய டாஸ். எட்டு எழுத்துப் பெயர், மூன்று எழுத்து வால், எல்லாமே கேப்பிடல். என்ன அடித்தாலும் கேப்பிடலாக்கி எழுதிக்கொள்ளும். பேதம் பார்ப்பதா வேண்டாமா என்ற கேள்விக்கே இடமில்லை. 1995-இல் விண்டோஸில் நீளப் பெயர்கள் வந்தபோது, அடித்ததை அடித்தபடி காட்டும் வழக்கம் வந்தது, ஆனால் தேடும்போது பேதம் பார்க்காது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வகை டிஸ்க் ஒவ்வொன்றிலும் இதற்கென்றே ஒரு மறைகோப்பு உட்கார்ந்திருக்கிறது: எந்த எழுத்துக்கு எது கேப்பிடல் என்ற அட்டவணை, 128 கிலோபைட். ஆப்பிள் 1980-களிலிருந்தே இதே போக்கு. 2003-இல் பேதம் பார்க்கும் வகையையும் கொடுத்தது, ஆனால் அது கேட்டு வாங்கவேண்டிய பண்டம்.

2017-இல் ஆப்பிள் ஏபிஎஃப்எஸ் என்ற புதிய ஃபைல் சிஸ்டத்தை, அதாவது டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறையை, கொண்டுவந்தது. மார்ச்சில் ஐபோனுக்கு, செப்டம்பரில் மேக்குக்கு. ஐபோனில் அது பேதம் பார்க்கும். மேக்கில் வழக்கமான நிறுவலில் பார்க்காது. ஒரே கம்பெனி, ஒரே ஃபைல் சிஸ்டம், வீட்டுக்குள் ஒரு முகம், திண்ணையில் ஒரு முகம். இதனால் ஐபோன் செயலி எழுதுகிறவர்கள் படும் பாட்டைக் கேட்டுப் பாருங்கள். மேக்கில் ஓடும் சிமுலேட்டர் மேக்கின் டிஸ்க்கைத்தான் பயன்படுத்துகிறது. அங்கே படம் தெரியும், உண்மையான ஐபோனில் ஏற்றினால் படம் இருந்த இடத்தில் வெள்ளைச் சதுரம்.

தமிழில் இதை எழுதும்போது ஒரு சிரமம். ‘பி’ என்று எழுதினால் அது எந்த ‘பி’ என்று காட்ட முடியவில்லை, ஒவ்வொரு முறையும் கேப்பிடல், ஸ்மால் என்று வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் எழுத்துக்கு இந்த வியாதி கிடையாது. ஆனால் விசைப்பலகையில் ஒலிபெயர்ப்பு முறையில் தமிழ் அடிக்கிறவர்களுக்கு இந்தப் பேதம் உங்களைவிட நன்றாகத் தெரியும். ஸ்மால் ‘எல்’ அடித்தால் ல, கேப்பிடல் ‘எல்’ அடித்தால் ள. ஷிஃப்ட்டை விட்டுவிட்டால் பள்ளி பல்லியாகும். மணம் மனமாகும், கறி கரியாகும், வாள் வாலாகும். கல்யாணப் பத்திரிகையில் ‘மணமகள்’ என்று அடிக்க உட்கார்ந்தவர் ஷிஃப்ட்டை மறந்தால் என்ன ஆகும் என்று உங்கள் ஊரில் யோசிக்க வேண்டியதில்லை. இங்கே யோசித்துத்தான் ஆகவேண்டும். ஆகவே ‘கேப்பிடலும் ஸ்மாலும் ஒன்றுதானே’ என்று யாராவது சொன்னால் எனக்கு அது இயற்கை விதியாகப் படுவதில்லை.

பேதம் பார்க்காத டிஸ்க் ரொம்ப சாது, பேதம் பார்ப்பதுதான் சண்டைக்காரன் என்று உங்கள் உதவி மைய ஊழியர் எழுதியிருந்தார். சாது செய்த காரியங்கள் சில உண்டு. பெர்ல் மொழியில் இணையப் பக்கங்களை எடுத்துவரும் எல்டபிள்யூபி என்ற தொகுப்பு ‘ஹெட்’ என்ற கட்டளையை நான்கு கேப்பிடல் எழுத்தில் நிறுவி வந்தது. யூனிக்ஸில் வெகு காலமாகவே நான்கு ஸ்மால் எழுத்தில் ஒரு ‘ஹெட்’ உண்டு, ஒரு கோப்பின் முதல் சில வரிகளைக் காட்டுவது. மேக் ஓஎஸ் எக்ஸ் வந்த புதிதில், பெர்ல் தொகுப்பை நிறுவியவர்களின் கணினியில் புதியது பழையதன் மேல் உட்கார்ந்துவிட்டது. டிஸ்க் ஒரு கேள்வி கேட்கவில்லை. அதன் பார்வையில் இரண்டும் ஒரே பெயர். அதன் பிறகு ஒரு கோப்பின் முதல் பத்து வரியைக் கேட்டவருக்கு, இணைய முகவரி கொடு என்று பதில் வந்தது.

2014 டிசம்பரில் நடந்தது இன்னும் மோசம். நிரலில் யார் எதை மாற்றினார்கள் என்று கணக்கு வைக்கும் கருவியான கிட் தன் சொந்த அமைப்புகளை ஒரு மறைவு ஃபோல்டரில் வைத்திருக்கும், பெயர் முழுக்க ஸ்மால் எழுத்தில். வெளியிலிருந்து வரும் கோப்பு எதுவும் அந்த ஃபோல்டருக்குள் நுழையக்கூடாது என்று கிட்டே காவல் இருந்தது. ஆனால் காவலாளிக்குக் கொடுத்த புகைப்படம் ஸ்மால் எழுத்துப் பெயர் மட்டும். அதே பெயரை கேப்பிடலில் எழுதிக்கொண்டு வந்தவனை ‘நீ வேறு ஆள்’ என்று உள்ளே விட்டார். உள்ளே போனதும் விண்டோஸ், மேக் டிஸ்க்குகள் ‘இரண்டும் ஒரே ஆள்’ என்றன. யாரோ வைத்திருந்த களஞ்சியத்தை நகலெடுத்தவர் கணினியில் அந்த யாரோவின் கட்டளைகள் ஓடக்கூடிய ஓட்டை. கிட்டைப் போன்ற இன்னொரு கருவியான மெர்க்குரியலின் குழுவினர் கண்டுபிடித்துச் சொன்னார்கள். கிட் அவசரமாகப் புதிய பதிப்புகளை வெளியிட்டது. 2021-இல் இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு ஓட்டை, இந்த முறை சிம்லிங்க்கோடு கூட்டணி வைத்து. பேதம் பார்க்கும் டிஸ்க் வைத்திருந்தவர்களை இரண்டும் தொடவில்லை.

லினக்ஸின் கருவான கெர்னலின் மூல நிரலை ஒரு சாதாரண மேக்கில் கிட் வழியாக இறக்கிப் பாருங்கள். இறக்கி முடித்த நிமிடமே, ஒரு எழுத்தும் தொடாமலே, சில கோப்புகளை நீங்கள் மாற்றிவிட்டதாக கிட் குற்றம் சாட்டும். வலையில் வரும் தகவல் பொட்டலங்களைச் சலிக்கும் நெட்ஃபில்டர் பகுதியில் ‘மார்க்’ என்ற பெயரில் இரண்டு கோப்புகள் அக்கம்பக்கமாக இருக்கின்றன, ஒன்று கேப்பிடல், ஒன்று ஸ்மால். கேப்பிடல் என்றால் பொட்டலத்தின் மேல் குறி வைப்பது, ஸ்மால் என்றால் குறி இருக்கிறதா என்று பார்ப்பது. அங்கே அது ஒரு வழக்கம், பொருள் உள்ள வழக்கம். நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் ஜிசிசி-யிலும் அப்படியே. கோப்பின் வாலில் ஸ்மால் ‘சி’ இருந்தால் சி மொழி, கேப்பிடல் ‘சி’ இருந்தால் சி பிளஸ் பிளஸ். நல்ல வழக்கமா என்று கேட்டால் எனக்கே சந்தேகம்தான். ஒரு எழுத்தின் உயரத்தை நம்பி மொழியையே மாற்றுவது கொஞ்சம் அதிகம்.

உங்கள் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கணினியைத் தொழிலாக வைத்திருக்காத ஒருவர் ஃபோல்டரில் ‘பட்ஜெட்’ என்ற பெயரில் இரண்டு கோப்பு, ஒன்றில் முதல் எழுத்து உயரம், ஒன்றில் குள்ளம் என்றிருந்தால் குழம்பித்தான் போவார். என் அப்பா அப்படித்தான். தேடும் பெட்டியில் எப்படி அடித்தாலும் கோப்பு கிடைக்கவேண்டும் அவருக்கு. ஒத்துக்கொள்கிறேன். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் ‘வைன்’ படும் அவதியும் தெரியும். நிரல் கேட்கும் பெயர் அப்படியே இல்லாவிட்டால் ஃபோல்டர் முழுவதையும் புரட்டி, உயரம் பார்க்காமல் ஒப்பிட்டு, எது பொருந்துகிறது என்று தேட வேண்டும். ஆயிரக்கணக்கான கோப்புகளுள்ள விளையாட்டுகளில் அது மூச்சு வாங்கும். அதற்காகத்தான் 2019-இல் லினக்ஸ் 5.2-இலேயே, எக்ஸ்ட்4 என்ற வகை டிஸ்க்கில் ஒரு குறிப்பிட்ட ஃபோல்டரை மட்டும் பேதம் பார்க்காததாக வைத்துக்கொள்ளும் வசதி வந்தது. அதற்கு முந்தைய வருடம் விண்டோஸ் 10 எதிர்த்திசையில் ஒரு அடி வைத்து, ஒரு ஃபோல்டரை மட்டும் பேதம் பார்ப்பதாக வைக்க வழி செய்தது. இரண்டு பக்கமும் பாதிப் பாலம் கட்டியிருக்கிறார்கள்.

ஆனால் நான் கேட்பது அப்பாவின் கோப்புகளைப் பற்றி இல்லை. உங்கள் கோப்புகளைப் பற்றி. பிரீசெட் ஃபோல்டருக்குப் பெயர் வைத்தது நீங்கள். அதை அழைப்பதும் நீங்கள். நடுவில் என் விரல் எங்கேயும் படவில்லை. சொந்தப் பிள்ளைக்கு வைத்த பெயரைச் சொந்த வாயால் சரியாகக் கூப்பிடுங்கள் என்பதுதான் கோரிக்கை. அதற்கு ஃபைல் சிஸ்டம் தத்துவம் எதிலும் நீங்கள் கட்சி சேரவேண்டியதில்லை.

சிலர் இன்னொரு குறுக்குவழி சொல்கிறார்கள்: எல்லாப் பெயரையும் ஓடும்போது ஸ்மாலாக்கித் தேடிவிடலாமே என்று. அங்கேதான் துருக்கி வந்து நிற்கும். துருக்கி மொழியில் புள்ளி வைத்த ‘ஐ’ ஒரு எழுத்து, புள்ளி இல்லாத ‘ஐ’ வேறொரு எழுத்து. இரண்டுக்கும் தனித்தனி கேப்பிடல். கணினியின் மொழி துருக்கியாக இருந்தால், ‘ஃபைல்’ என்ற ஆங்கிலச் சொல்லை கேப்பிடலிலிருந்து ஸ்மாலாக்கும்போது நடு எழுத்தின் புள்ளி காணாமல் போகும். இஸ்தான்புல்லில் மட்டும் உங்கள் மென்பொருள் திறக்காது. ஏன் என்று சென்னையிலோ சியாட்டிலிலோ உட்கார்ந்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஜெர்மானிய எழுத்து ஒன்றை கேப்பிடலாக்கினால் இரண்டு எழுத்தாகும். பேதம் பார்க்காமல் இருப்பது சும்மா கண்ணை மூடிக்கொள்வது இல்லை. உலகத்து எழுத்துக்களையெல்லாம் அட்டவணை போட்டு வைத்துக்கொண்டு, அந்த அட்டவணை யூனிகோட் என்ற உலக எழுத்துத் தரத்தின் எந்தப் பதிப்பு என்றும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

சாட்சிக்கூண்டில் உங்களை மட்டும் ஏற்றுவது அழகில்லை. எங்கள் பக்கத்தில், இணையதளம் செய்து கொடுக்கும் தொழிலில், இது அன்றாடக் கூத்து. ஒரு ஜவுளிக்கடைக்காரர், ஆடி மாதத் தள்ளுபடிக்கு நான்கு நாள் முன்னால், பழைய விண்டோஸ் சர்வரிலிருந்து லினக்ஸுக்கு மாற்றச் சொன்னார். மாற்றினோம். காலையில் தொலைபேசி: “தம்பி, சேலையெல்லாம் காணோம்.” பக்கம் வந்தது, விலை வந்தது, சேலைப் படங்கள் இருந்த இடத்தில் உடைந்த சின்னம். கேமரா எடுக்கும் படத்துக்குப் பின்னொட்டு கேப்பிடலில் ‘ஜேபிஜி’ என்று வரும். பல கேமராக்கள் பிறவியிலிருந்தே அப்படித்தான். பக்கத்தை எழுதிய பையன் எல்லா இடத்திலும் ஸ்மாலில் அடித்திருந்தான். அவன் கணினியில் எல்லாச் சேலையும் தெரிந்தது. பாவம், அவன் மேல் என்ன தப்பு?

அன்று மத்தியானம் படங்களைச் சரிசெய்து நிமிர்ந்தால் பில் போடும் பகுதி படுத்திருந்தது. மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருள். டேட்டாபேஸ் அட்டவணைகளின் பெயர் டிஸ்க்கில் கோப்புப் பெயராக இறங்குவதால், லினக்ஸில் அட்டவணைப் பெயருக்கும் பேதம் வந்துவிடுகிறது. விண்டோஸில் வராது. அதைக் கட்டுப்படுத்த ஒரு அமைப்பு இருக்கிறது: லினக்ஸில் இயல்பாக 0, விண்டோஸில் 1, மேக்கில் 2. மூன்று வீட்டுக்கு மூன்று நியாயம். பதிப்பு 8-இலிருந்து, டேட்டாபேஸை முதன்முதலில் நிறுவும்போது வைத்த எண்ணைப் பிறகு மாற்றவும் முடியாது. அந்த எண்ணை அன்று யாரும் கவனிக்கவில்லை, நானும்தான். சாயங்காலம் வரை உட்கார்ந்து நிரலில் அட்டவணைப் பெயர்களைத் தேடித் தேடித் திருத்தினோம். பிஎச்பி என்ற இணைய மொழியில் எழுதுகிறவர்களுக்கு இதன் தம்பியைத் தெரிந்திருக்கும்: மொழி கிளாஸ் பெயரில் பேதம் பார்க்காது, ஆனால் வேண்டிய கோப்பைத் தானே ஏற்றும் ஆட்டோலோட் அந்தப் பெயரைக் கோப்புப் பெயராக்கித் தேடும், டிஸ்க் பார்க்கும். மடிக்கணினியில் எல்லாம் பச்சை, சர்வரில் ‘கிளாஸ் கிடைக்கவில்லை’.

பேதம் பார்ப்பதை மொத்தமாக ஒழித்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. எங்கள் எழுத்தில் கேப்பிடலே கிடையாது என்றேனே, அப்படியும் இதே பள்ளத்தில் நாங்கள் விழுகிறோம். ‘கோயில்’ என்று ஒரு ஃபோல்டர். ‘கோ’ என்பதில் க-வுக்கு முன்னால் இரட்டைக்கொம்பு, பின்னால் துணைக்கால். யூனிகோடில் இந்தக் கொம்பும் காலும் சேர்ந்த ஓகாரக் குறிக்கு ஒரே எண் உண்டு. கொம்புக்குத் தனி எண், காலுக்குத் தனி எண் என்று இரண்டாக எழுதவும் வழி உண்டு. இரண்டும் ஒன்றே என்று யூனிகோட் சட்டமே சொல்கிறது, திரையிலும் அச்சு அசலாக ஒன்றுதான். பழைய மேக் டிஸ்க், எச்எஃப்எஸ் பிளஸ், வாங்கிய பெயரை இரண்டாகப் பிரித்துத்தான் எழுதி வைக்கும். அதை அப்படியே ஒரு லினக்ஸ் டிஸ்க்குக்கு நகலெடுத்தால், அங்கே ஏற்கெனவே சேர்த்து எழுதிய ‘கோயில்’ இருந்தால், இரண்டு கோயில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்றில் படங்கள், மற்றொன்று காலி. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. ஔவையாரை ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்து வைத்திருப்பவர்களைப் பற்றி நான் வாய் திறக்கவே போவதில்லை, அவர்களை எந்த டிஸ்க்காலும் காப்பாற்ற முடியாது.

நான் வைத்திருந்த பழைய ஊர்ப் படங்களில் இது நடந்து, காலி ஃபோல்டரைப் பார்த்து நெஞ்சு ஒரு நிமிடம் நின்றது. அதற்கு எழுத்தின் உயரம் காரணமில்லை. பெயரைத் தானே மறுபடி அடித்துக் கோப்பைத் தேடிய ஒரு நிரல்தான் காரணம். ஃபோல்டரில் என்ன பெயர் இருக்கிறது என்று டிஸ்க்கைக் கேட்டு, அது கொடுத்த பெயரையே திரும்பக் கொடுத்திருந்தால் சேர்த்து எழுதினாலும் பிரித்து எழுதினாலும் கதவு திறந்திருக்கும். உங்கள் பிரீசெட் ஃபோல்டரும் இதே கதைதான். பெயரை ஒரே இடத்தில் எழுதி வைத்து, இன்ஸ்டாலரும் நிரலும் அங்கிருந்து எடுத்திருந்தால் ‘பி’ உயரமா குள்ளமா என்ற கேள்வியே எழுந்திருக்காது. இரண்டு பேர் இரண்டு இடத்தில் நினைவிலிருந்து அடித்தார்கள்.

சோதிப்பதற்குப் புதுக் கணினி வாங்க வேண்டாம். மேக்கில் டிஸ்க் யூட்டிலிட்டியைத் திறந்து, இருக்கும் டிஸ்க்கிலேயே பேதம் பார்க்கும் ஏபிஎஃப்எஸ் வால்யூம் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். இடத்தைப் பங்கிட்டுக்கொள்ளும், எதையும் அழிக்காது, ஒரு நிமிடம்கூட ஆகாது. உங்கள் மென்பொருளை அங்கே நிறுவி, எல்லா மெனுவையும் ஒருமுறை திறந்து மூடுங்கள். விண்டோஸில் ‘எஃப்எஸ் யூடில்’ கட்டளையால் ஒரு காலி ஃபோல்டரை அப்படி மாற்றி அதற்குள் வைத்துப் பாருங்கள். டைப்ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு 2023-இல் வந்த பதிப்பு 5-இலிருந்து கம்பைலரே, ஒரே கோப்பை இரண்டு உயரத்தில் அழைத்தால் பிடித்துக்கொடுத்துவிடுகிறது. மற்றவர்கள் இரவில் தானாக ஓடும் பில்டை (நிரலைக் கட்டும் வேலையை) ஒரு லினக்ஸ் கணினியில் ஓடவிட்டாலே பாதி அகப்படும். பழைய கோப்பின் பெயரில் உயரத்தை மட்டும் திருத்தும்போது கவனம்: பேதம் பார்க்காத டிஸ்க்கில் கிட் அந்தத் திருத்தத்தைச் சில சமயம் கண்டுகொள்ளாது. வேறு பெயருக்கு மாற்றி, பிறகு சரியான பெயருக்கு மாற்றினால் பேசாமல் கேட்டுக்கொள்ளும்.

இதையெல்லாம் செய்ய நேரமில்லை என்றால் ஒன்றையாவது செய்யுங்கள். கோப்பு கிடைக்காமல் மென்பொருள் படுக்கும்போது, எந்தக் கோப்பு என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் படுக்கட்டும். முழுப் பாதையோடு. நான் பார்த்துக்கொள்கிறேன். ‘ஆதரவு இல்லை, ஃபார்மட் செய்யவும்’ என்ற தயார் நிலைப் பதிலை உங்கள் உதவி மைய ஊழியரிடமிருந்து வாங்கிக் கிழித்துப் போடுங்கள். அவர் பாவம், எழுதிக் கொடுத்ததைத்தான் அனுப்பினார்.

இப்படிக்கு,
சிம்லிங்க் போட்டுக் காலம் தள்ளும் உங்கள் வாடிக்கையாளன்

பி.கு.: மடலை எழுதி வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் உங்கள் அப்டேட் வந்திருந்தது. பிரீசெட் ஃபோல்டரைச் சரிசெய்துவிட்டீர்கள், நன்றி. இப்போது முகப்புப் படம் வந்து மூன்று விநாடி நிற்கிறது. எஃப்எஸ் யூசேஜைத் திறந்து பார்த்தேன்: எழுத்துரு ஃபோல்டர், ஸ்மால் ‘எஃப்’.